பிரேக் ஆயில் மாற்றாமல் போன நாள்

கல் குவாரியின் பட்டறையில் அந்த மெக்கானிக்குக்கு நத்தை என்று பெயர். மற்றவர்கள் அரை மணியில் முடிக்கும் வேலையை அவர் அரை நாள் இழுப்பார். ரேடியேட்டரைக் கழுவச் சொன்னால் சும்மா தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் போக மாட்டார். அதைத் தனியே கழற்றி, பின்பக்கத்திலிருந்து மெல்லத் தண்ணீர் விட்டு, தகடுகளுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் சேற்றைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நோண்டி எடுப்பார். கேட்டால், "இதுவும் மூச்சு விடணும்ல" என்பார்.

குவாரிக்கு மேலே ஏறும் பாதை கரடுமுரடு. நாலு சக்கரமும் இழுக்கும் ஒரே ஒரு வண்டிதான் அதில் போகும். தண்ணீர், வெடிமருந்து, ஆட்கள் எல்லாம் அதில்தான். அதை ஓட்டியவர் நத்தையின் தங்கை புருஷன். வாயைத் திறந்தால் கேலிதான். "மச்சான் கையில வண்டியக் குடுத்தா அது திரும்பி வர்றதுக்குள்ள நமக்கு நரை தட்டிடும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் வேறு யாரையும் வண்டியில் கை வைக்க விடமாட்டார்.

அன்று காலை வண்டி ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. ரேடியேட்டர் ஹோஸ் விண்டிருந்தது. அதை மாற்றி, கூலண்ட் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுச் சூடு ஏறுகிறதா என்று பார்த்து முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. அடுத்தது பிரேக். ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்தார். கறுத்துப் போயிருந்தது. பழைய ஆயில் ஈரம் இழுத்துவிடும். இறக்கத்தில் பிரேக் சூடானால் கொதித்துக் குமிழ் விடும். அப்புறம் பெடலை மிதித்தாலும் பிடிக்காது. புது டின் வந்திருந்தது, ஆனால் மூடியின் சீல் ஏற்கெனவே உடைந்திருந்தது, அதுவும் ஈரம் இழுத்திருக்கும். அதைத் திருப்பி அனுப்பினார்.

"நாளைக்கு வேற டின் வரட்டும். அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும்" என்றார்.

மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நேத்துவரைக்கும் இதே ஆயில்லதானே ஓடுச்சு? மேல இருபது பேர் காலைலேர்ந்து குடிக்கத் தண்ணியில்லாம உக்காந்திருக்காங்க. ஒரே ஒரு நடை."

தாகத்தில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தபோது நத்தைக்கு மனம் தாளவில்லை. மாப்பிள்ளையும் பக்கத்தில் வந்து நின்றார். "குடுங்க மச்சான், பாத்துப் போறேன்."

"இறங்கும்போது முதல் கியர்லயே வா. பிரேக்க ரொம்ப மிதிக்காதே."

"வண்டிக்கும் பத்தியமா? சரி சரி."

நத்தை சாவியைக் கொடுத்தார்.

தண்ணீர் மேலே போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும்போது பாதையில் கற்கள் சரிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து வர, மிதித்து மிதித்தே இறங்க வேண்டியிருந்தது. கடைசி வளைவில் பெடல் தரைவரை போய்விட்டது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை. மாப்பிள்ளை வண்டியைப் பாறைப் பக்கம் ஒடித்தார், தான் உட்கார்ந்திருந்த பக்கமாகவே. பின்னால் ஏறி வந்திருந்த இரண்டு தொழிலாளிகளும் சிராய்ப்போடு எழுந்து நடந்தார்கள். அவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து இறந்துபோனார்.

பத்து நாள் கழித்து மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று அதில் எழுதியிருந்தது. "போனவர் போயாச்சு. நீயாவது பிழைச்சுக்கோ. கீழ ஒரு கையெழுத்து போடு."

நத்தை அதை இரண்டு தரம் படித்தார். பிறகு வேறு தாள் கேட்டு வாங்கி, தன் கையாலேயே எழுதினார்: பிரேக் ஆயில் மாற்றவில்லை, வண்டி ஓடும் நிலையில் இல்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தே சாவி கொடுத்தேன். மாப்பிள்ளையின் பெயருக்கு வந்த பழி விலகியது. நத்தைக்கு வேலை போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் அந்தத் தாளில் இருந்தது தங்கையின் காதுக்கும் போனது. அவர் அவள் வீட்டு வாசலில் போய் நின்றபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

அவள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

அவர் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். பிரேக், ரேடியேட்டர் இரண்டு வேலை மட்டும். முடியும்வரை சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். எத்தனை பெரிய ஆள் அவசரப்படுத்தினாலும் வெளியே வராது. பாதிப் பேர் சண்டை போட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

ஏழு வருஷம் ஓடியது. ஒரு நாள் காலையில் சுகாதார நிலையத்தின் வண்டி ஒன்று கொட்டகை முன் நின்றது. மலைமேல் உள்ள குடியிருப்புகளுக்குத் தடுப்பூசிப் பெட்டி கொண்டுபோகும் வண்டி. ஓட்டி வந்தவள் தங்கை. அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே அவருக்குத் தெரியாது. தலையில் பாதி நரைத்திருந்தது.

"பெடல் மெத்துமெத்துன்னு இருக்கு. ரெண்டு இடத்துல காட்டிட்டேன். சரியாகல."

பழைய ஆயிலை முழுக்க வடித்து, சீல் உடையாத டின்னை அவள் கண் முன்னாலேயே திறந்து ஊற்றினார். அடுத்து ஏர் எடுக்க வேண்டும், குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருத்தர் மேலே பெடல் மிதிக்க வேண்டும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவளே ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி."

மிதித்தாள். சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தவர் ஸ்பேனரைத் திருப்ப, குழாயில் நுரைநுரையாக வந்தது.

"விடு. மறுபடி மிதி."

நாலு சக்கரத்துக்கும் அதே இரண்டு வார்த்தைதான். கடைசிச் சக்கரத்தில் நுரை நின்று வெறும் ஆயில் வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைக்கக்கூட முடியாதபடி கையெல்லாம் ஆயில்.

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "அன்னைக்கு அவர் கடைசியா என்ன பேசினார்?"

வண்டிக்கும் பத்தியமா என்று கேட்டதைச் சொன்னார். "அப்படித்தான் பேசுவார்" என்றாள்.

வேலை முடிந்ததும் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தாள். பிரேக் நன்றாகப் பிடித்தது. தலையசைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் மனைவி ஆவலாகக் கேட்டாள். "அண்ணான்னு கூப்பிட்டாளா?"

"இல்ல. வண்டியக் குடுத்தாளே" என்றார்.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தங்கை வருகிறாள், மழைக்கு முன்னும் பின்னும். பெடலை மிதிக்கிறாள், போகிறாள். அண்ணன் வீட்டுப் படி மட்டும் இன்னும் ஏறவில்லை.