மூன்று அங்குலத்தில் நான்கு பேர்

என் தம்பி பதினான்கு வருடமாக ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வீட்டுப் பிளான் வரைகிறான். அவன் போட்ட கோட்டை அவனே அழித்து நான் பார்த்ததில்லை. எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவன் நான். எனக்கு இப்படியொரு தம்பி.

ஊருக்கெல்லாம் வீடு வரைந்தவன், மனைவி, இரண்டு மகள்களோடு என் வீட்டு முன்னறையில் நெருக்கிக்கொண்டு இருந்தான். மாடியில் தனி வீடு கட்ட அனுமதி கிடைக்காவிட்டால், இரண்டு பஸ் மாறி வரவேண்டிய தூரத்துக்குக் குடிபோக வேண்டியதுதான்.

எங்கள் தெருவில் எங்கள் வரிசை மனைகளில் இரண்டு குடும்பம் இருக்க முகப்பு முப்பது அடி வேண்டும் என்பது சட்டம். தம்பி இரும்பு டேப்பை எடுத்தான். நான் விடவில்லை. என் துணி டேப்பை ஆறு முறை வைத்து அளந்தேன். இருபத்தொன்பது அடி பத்து அங்குலம்.

"ரெண்டு அங்குலந்தானே, முப்பதுன்னு போட்டுடுங்களேன்" என்றாள் தம்பி மனைவி.

"அண்ணன் அளந்தா நூல் பிசகாது. உள்ளதத்தான் போடுவேன்."

குறையும் இரண்டு அங்குலத்தைப் பொறுத்தருளும்படி மனுவும் வைத்தான். அனுமதி இல்லை.

"எதிர்வரிசைன்னா நாலு மாடியே கட்டலாம். நீங்க இந்தப் பக்கமா வந்து பொறந்துட்டீங்க" என்றார் நகராட்சிக் குமாஸ்தா.

குடிபோகிற வீட்டுக்கு, தம்பி இரும்பு டேப்பால் எடுத்து வந்த அளவில் திரைச்சீலை தைத்துக் கொடுத்தேன். தம்பி மனைவி அதை இரும்பு டேப்பால் சரிபார்த்தாள்.

"மாமா, இது முக்கால் அங்குலம் நீளமா இருக்கே?"

இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். இருபது வருடம் இழுபட்ட என் டேப், அறுபது அங்குலத்துக்கு அரை அங்குலம் நீண்டிருந்தது. ஆளையும் துணியையும் அதே டேப்பால் அளந்ததால் சட்டை எதிலும் தப்புத் தெரியவில்லை. மனையில்தான் தப்பாகிவிட்டது.

மறுபடி அளந்தோம். முப்பது அடி ஒரு அங்குலம். அதிகாரி வந்து பார்த்தார், அனுமதியும் வந்தது.

சந்தோஷந்தான். ஆனால் அதே மண், அதே சுவர். போன மாதம் ஒரு குடும்பத்துக்கு மேல் ஆகாது என்றார்கள், இந்த மாதம் ஆகும் என்கிறார்கள்.

"ஏன்டா, அந்த மூணு அங்குலத்துலயா நீங்க நாலு பேரும் இருக்கப்போறீங்க?"

"எனக்கும் புரியலண்ணா. நீ மொதல்ல அந்த டேப்பைத் தூக்கிப்போடு."

எப்படிப் போடுவது? என் தையல் நோட்டில் இருக்கும் அத்தனை பேருடைய அளவும் அதில் எடுத்ததாயிற்றே.