கடையோடு சேர்த்து என்னையும்

கடையை விற்றாலும் அண்ணி ஒரு வருசம் கூடவே இருந்து சமைப்பார்கள் என்று என் கொழுந்தனார் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். யாரிடம்? எங்கள் சாப்பாட்டுக் கடையை வாங்க இருந்த களமருதூர்க்காரரிடம். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கடை அது. வெள்ளிமலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் என் கருவாட்டுக் குழம்புக்காகவே நேராக வருவார்கள். இளைய மகள் மணலூர்பேட்டையிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மூத்தவள் பிள்ளை பெற்றபோது நான் கடையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை மகள் பக்கத்தில் இருந்தே தீருவது என்றுதான் கடையை விற்கவே சம்மதித்தேன். கடைசியில் பார்த்தால் அண்டா, பெஞ்சு, ஆட்டுக்கல், அப்புறம் நான். வயிறு எரியாதா?

வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஒரு வருசம்தானே, அதுக்கு இன்னா இப்போ?" என்றார். அவருக்கு அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கடையில் போடும் எந்த அயிட்டத்துக்கும் ஒரே கேள்விதான் வைத்துக்கொண்டேன். நான் எட்டிப் பார்க்காமல், அடுப்படியில் எனக்கு ஒத்தாசையாக இருந்த மாஸ்டரே செய்தால் ருசி கெடாமல் வருமா? வந்தால் இருக்கட்டும், வராவிட்டால் வேண்டாம். முதலில் போனது கருவாட்டுக் குழம்பு. அடுத்தது சாமைக் களி. மிஞ்சியது இட்லி, சாம்பார், எலுமிச்சை சாதம். கொழுந்தனார் குதித்தார். விற்கிற நேரத்தில் பரோட்டாக் கல் போடணுமாம், சுவரெல்லாம் கண்ணாடி மாட்டணுமாம், போர்டு நிறைய அயிட்டம் எழுதணுமாம். சந்தைக்கு ஓட்டுகிற மாட்டுக்குக் கொம்பில் பெயிண்ட் அடிக்கிற புத்தி. வாங்குகிறவன் பல்லைப் பிடித்துத்தானே பார்ப்பான்? நான் அசையவில்லை. மலைக்காரர்கள் குழம்பு எங்கே என்று கேட்டு வாடிப்போனபோது எனக்கும் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம். களமருதூர்க்காரர் கடை ஓடுவதைப் பார்க்கக் காலையில் வந்து இறங்கினார். கொஞ்ச நேரத்தில், ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள், இனி பஸ் கிடையாது என்று சேதி வந்தது. போக வழியில்லாத சனமெல்லாம் எங்கள் கடைக்குள் நுழைந்தது. வீட்டுக்காரர் என்னை உள்ளே வரச்சொல்லி ஜாடை காட்டினார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கால் பரபரத்தது. போவேனா? மாஸ்டர் இட்லியை அவித்து அவித்துக் கொட்டினார். மூன்றே அயிட்டம், தடுமாற என்ன இருக்கிறது? பசி என்று வந்த யாரும் வெறும் வயிற்றோடு திரும்பவில்லை.

சாயங்காலம் களமருதூர்க்காரர் கடை தனக்குப் பிடித்துவிட்டது என்றார். மாஸ்டர் இருந்தால் போதும், அம்மா இருக்கவேண்டியதில்லை என்றும் சொன்னார். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும். அப்புறம் என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, நீங்க இத்தினி வருசமா இங்க இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளதைச் சொன்னால், அப்படியென்றால் ஒரு வருசம் இருந்துவிட்டுப் போங்கள் என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்காரராவது வாயைத் திறப்பார் என்று அவரைப் பார்த்தேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"சும்மாதாங்க உக்காந்துகினு இருந்தேன்" என்றேன்.