சித்தி வைத்த அசோகம்

எங்கள் பக்கத்தில் மரங்கள் நிழலைக்கூட முள்ளோடுதான் தரும். வேலியில் சீமைக்கருவேலம், கம்மாய்க்கரையில் நாட்டுக்கருவேலம். விட்டால் ரோட்டோரத்து வேம்பு. அந்தக் கோவில்பட்டிக் கரிசலில் என் சித்தி ஓர் அசோக மரம் வைத்தாள்.

கம்பம் போல நெட்டுக்கு நிற்கும் நெட்டிலிங்கத்தைத்தான் ஊரில் அசோக மரம் என்பார்கள். இது அதுவல்ல, மழை ஓயாத மலைக்காட்டு மரம். கிளையெங்கும் கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சளில் பூக்குமாம். மலையடிவாரத்துக் குலசேகரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சித்தி, சீர்ப் பாத்திரங்களோடு அந்தக் கன்றையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கரிசலை ஆளுயரம் தோண்டி, செம்மண் நிரப்பி, வாசலில் நட்டாள்.

எங்களுடையது தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய வீடு. தீக்குச்சிக்கு மரம் பிடிக்க மலைக்குப் போய்வருவது சித்தப்பாவின் வேலை. எந்த மரத்தைக் கண்டாலும் நகத்தால் பட்டையைச் சுரண்டி, குச்சிக்கு ஆகுமா என்று பார்ப்பார். எங்கள் வீட்டில் மரத்துக்கு மரியாதை அதை வைத்துத்தான்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வந்தது. அப்போதும் சித்தி அந்த மரத்துக்குத் தினம் ஒரு குடம் ஊற்றினாள். ஒருநாள், கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்க்கச் சித்தப்பா சொல்லிவிட்டார்: “குச்சிக்குக்கூட ஆகாத மரத்துக்குக் குடத்துத் தண்ணியா? ஊருல கேட்டாச் சிரிப்பாவ.” பெண்கள் அப்போதே சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் சித்தி தன் ஊருக்குப் பஸ் ஏறினாள். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. வாசலில் என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, “மக்களே, நான் வாரது வரைக்கும் இதப் பாத்துக்கோ” என்றாள். நானும் பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன்.

ஒரு மாதம் போயிற்று. இடையில் கயத்தாற்றுக்குக் கோயில் கொடைக்குப் போய், மூன்று நாள் மரத்தை மறந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கிளை நுனியெல்லாம் செம்பு நிறத்தில் சிவந்து, பிழிந்த துணிபோலத் துவண்டு தொங்கின இலைகள்.

கரிசல்காட்டில் துவண்ட இலைக்கு ஒரே அர்த்தம்தான். பருத்தி துவண்டாலும் தாகம், மிளகாய் துவண்டாலும் தாகம். நான் குடம் குடமாக ஊற்றினேன். அம்மா அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்தாள். குச்சி அடுக்கும் பெண்கள் வந்து பார்த்து, சுற்றியுள்ள கரிசல் வெடித்து வேரை அறுத்திருக்கும் என்று முடிவு சொன்னார்கள். ஊற்றியதெல்லாம் வெடிப்புக்குள் மடக் மடக்கென்று இறங்கியது. இலை நிமிரவில்லை. மூன்று நாள் மறதியில் ஓர் உயிரைக் கொன்றுவிட்டேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மலையிலிருந்து திரும்பிய சித்தப்பாவிடம் அழுதேன். அவர் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். பட்டையைச் சுரண்டவில்லை.

“தப்பாது போலிருக்கே, ஏட்டி. சித்திக்கு ஒரு கார்டு போட்டுரு.”

தபால் கார்டும் அவரே வாங்கித் தந்தார். இலைகள் சிவந்து தொங்குகின்றன, பிழைப்பது கஷ்டம், உடனே வரவும் என்று எழுதினேன். எட்டிப் பார்த்தவர், “சித்தப்பாவும் தெனம் ரெண்டு கொடம் ஊத்துதாருன்னு அதையும் எழுதிரு” என்றார். பிறகு, எழுதியது பொய்யாகிவிடக் கூடாதென்றோ என்னவோ, தான் குளிக்க வைத்திருந்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் சித்தி வந்து இறங்கினாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மரத்தடிக்குப் போய், தொங்கிய கொத்தொன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள்.

“மக்களே, இது கொழுந்துல்லா, இங்க வந்து இப்பந்தான் நல்லாத் தளுத்திருக்கு. பெறந்த பிள்ளைக்குத் தல நிக்குமா? பத்து நாளுல பச்சையாகி நிமிர்ந்திரும்.”

குடத்தோடு நின்ற சித்தப்பாவைப் பார்க்காமலே கேட்டாள்: “மலங்காட்டுலயே கெடக்கவியளுக்கு இது தெரியாதாக்கும்?”

“நமக்கு வெட்டிப்போட்ட தடியத்தான் தெரியும்.”

சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். குடத்தை வாங்கி, மிச்சத் தண்ணீரை வேரில் ஊற்றினாள்.

இப்போதும் அந்த மரம் நிற்கிறது. ஒவ்வொரு தளிர்க் காலத்திலும், யாராவது வாசலில் நின்று, வாடிப்போச்சே என்று வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கார்டு ஞாபகம் வருகிறது. இலைகள் சிவந்து தொங்குகின்றன என்ற வரியைப் படித்ததுமே, அசோக மரத்தடியிலேயே வளர்ந்தவளுக்கு அது சாவில்லை என்று தெரிந்திருக்கும். தெரிந்தும் பஸ் ஏறியிருக்கிறாள், துணிமணி அத்தனையையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு.

நானோ, என் கடிதம்தான் மரத்தைப் பிழைக்கவைத்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.