2099-க்கு நான் எழுதிய விளக்கம்

விளக்கம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியில் அந்த வேலை என்னிடம் வந்ததும் அதனால்தான். கரையான்சாவடியில் ஒரு டயாலிசிஸ் சென்டர். நோயாளிகளின் விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். அதிலிருந்து கேட்டதைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒரு கருவி செய்திருந்தோம். அதைப் பயன்படுத்தப் போவது ஆட்கள் இல்லை, ஒரு ஏஐ ஏஜென்ட். யாருக்கு எந்த மெஷின், எந்த நேரம், காலியான இடம் யாருக்கு என்று அதுவே பார்த்து ஒதுக்கும். டேட்டாபேஸில் எந்தக் கட்டத்துக்கு என்ன பொருள் என்று அதற்கு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. எழுதியதை அது அப்படியே நம்பும்.

"அடுத்த வருகை" என்ற கட்டத்தில் சிலருக்கு 31-12-2099 என்று இருந்தது. சென்டரைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அக்காவிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் வாயால சொல்லுவாங்களாம்மா? உடு," என்றார்.

அங்கே ஸ்க்ரீனில் சாவை யாரும் எழுத மாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் கவுன்ட்டரில் சாய்ந்து ஸ்க்ரீனை எட்டிப் பார்ப்பார்கள். அடுத்து அவர்களும் அதே மெஷினில் படுக்க வேண்டியவர்கள். அதனால் தேதியை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடுவது அக்காவின் வழக்கம். எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் பத்துப் பெயரை எடுத்து, சென்டரின் பழைய காகித ஃபைல்களோடு ஒத்துப் பார்த்தேன். பத்துப் பேரும் இறந்தவர்கள். "2099 என்றால் நோயாளி இறந்துவிட்டார். அவருடைய இடத்தைக் காலியாகக் கொள்க" என்று எழுதினேன். கச்சிதமாக வந்திருக்கிறதென்று பெருமை வேறு.

கருவி ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், காலை ஏழரை மணிக்குப் பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். அக்கா கூப்பிட்டார்.

"இன்னாம்மா எழுதி வெச்சிகீறே? ஆளு எதிர்ல குந்திகினு கீறாரு. செத்துட்டாருன்னு சொல்லுது உன் மிஷினு."

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து, எப்போது திரும்புவார் என்று தெரியாதவர்களுக்கும் அக்கா அதே 2099-ஐத்தான் போடுவாராம். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நிமோனியாவில் படுத்திருந்த ஓர் ஆட்டோக்காரர் முந்தின நாள் டிஸ்சார்ஜ் ஆகி, மனைவியோடு காலையிலேயே வந்திருக்கிறார். அக்கா பெயரைத் தட்டியதும் ஏஜென்ட், "இவர் இறந்தவர். இடம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது" என்று பதில் போட்டிருக்கிறது. கவுன்ட்டரில் நின்ற மனைவி அதைப் படித்துவிட்டார். டயாலிசிஸ் செய்து மூன்று நாளாகிறது, மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார்.

ரயிலை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். பருத்திப்பட்டு தாண்டும்வரை வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேலை போய்விடுமே என்றுகூட அப்போது தோன்றவில்லை. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் எழுதியது உண்மையாகிவிடும். அந்த நினைப்புத்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

நான் போனபோது அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு இழுத்தது. எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய மெஷினில் புதிதாகச் சேர்ந்த ஒரு வயதான அம்மா. குழாயில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவரை எப்படி எழுப்புவது? டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் படுத்திருந்த ஒருவர் தனக்கு ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளலாம் என்று தானாகவே சொன்னார். அவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சம்மதித்தார். அதன் பிறகும் மெஷினைக் கழுவித் தயார் செய்ய அரைமணிக்கு மேல் ஆனது. மனைவி கேஸ் ஃபைலால் அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தார். நான் சுவரோரம் நின்று அவருடைய மூச்சை எண்ணினேன். அவ்வளவு நேரம் ஒரு மனிதரை நான் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

அவருக்கு மெஷின் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மூச்சு ஓரளவு சீரானது. கவுன்ட்டரிலேயே லேப்டாப்பைத் திறந்து விளக்கத்தை மாற்றினேன். மனைவி வந்து பக்கத்தில் நின்றார். படித்துக் காட்டச் சொன்னார். "2099 என்றால், எப்போது வருவார் என்று தெரியாது என்று மட்டுமே பொருள். இறந்தவர் என்று முடிவு செய்யக் கூடாது. சென்டரில் விசாரிக்காமல் அவருடைய இடத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது" என்று படித்தேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"மிஷினுக்குச் சொல்லிட்டே, சரி. என் நம்பரும் அதுலதானே கீது? எழுதறதுக்கு முன்ன நீ ஒரு போன் போட்டுக் கேட்டியாம்மா?"

நம்பர் இருந்தது. தேதிக்கு அடுத்த கட்டத்திலேயே இருந்தது. நான் பார்த்த பத்துப் பெயரில் அவருடைய கணவர் பெயர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லக்கா," என்றேன்.