முறிகண்டியில் பன்னிரண்டு நிமிடம்

1. மேசையில் கிடந்த மூன்று ரிப்போட்டுகள்

கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நான் டைம்கீப்பராகச் சேர்ந்த அன்றைக்கே மேசையில் மூன்று ரிப்போட்டுகள் கிடந்தன. மூன்றும் ஒரே கையெழுத்து. மூன்றிலும் ஒரே குற்றச்சாட்டு: 'முறிகண்டியில் அனுமதியின்றி வண்டி நிறுத்தம். 12 நிமிடம்.' எழுதியவர் கொண்டக்டர் சவிரிமுத்து. மாட்டுப்பட்டவர் ட்ரைவர் கனகசபை. இருவரும் வேலை செய்தது ஒரே வண்டியில். காலை ஏழு மணிக்குக் கிளிநொச்சியில் புறப்பட்டு, மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவுக்குப் போகும் வண்டி அது.

பஸ்கள் அரசாங்கத்தின் கைக்குப் போகாத ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்களுடையது தனியார் கொம்பனி. மனேஜர் யாழ்ப்பாணத்திலிருந்து ரெலிபோனில் சொன்னார்:

"தம்பி, நாலாவது ரிப்போட் வந்தால் கனகசபையை நிப்பாட்டுறதைத் தவிர வேறை வழியில்லை. கொம்பனி றூல்ஸ் அப்பிடி. பத்து நாள் தாறன். ரெண்டு பேரையும் கதைச்சுச் சமாளியும். பத்தாம் நாள் நானே வந்து வண்டியிலை ஏறுவன்."

எனக்கு இருபத்துமூன்று வயது. எஸ்.எஸ்.சி. சேர்ட்டிபிக்கற் இருந்தது. இரண்டு மனிதரைச் சமாதானம் செய்ய அது போதும் என்று நினைத்தேன்.

முறிகண்டியைப் பற்றி வடக்கில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தூரத்திலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கிளிநொச்சியிலிருந்து தெற்கே ஏழெட்டு மைலில், கண்டி வீதியோரத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அதைத் தாண்டும் எந்த வாகனமும் நின்று, ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் காட்டுப் பாதையில் இறங்கும். கொம்பனியின் நேர அட்டவணையில் மட்டும் அந்தத் தரிப்பு இல்லை. அட்டவணையைத் தயாரித்தவர் வண்டியில் போகாதவர்.

இருவரும் பேச்சை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சவிரிமுத்து மணியால் பேசுவார்: ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. கனகசபை ஹோர்னால் பதில் சொல்வார். மணி அடிக்காமலே வண்டி நிற்கும் ஒரே இடம் முறிகண்டி.

2. என் சமாதான முயற்சிகள்

முதலில் கனகசபையைக் கூப்பிட்டேன். ஐம்பதை நெருங்கிய மனிதர். அக்கராயன் குளத்தின் கீழ் அவருக்குக் காணி இருந்தது.

"அண்ணை, பத்து நாளைக்காவது நிப்பாட்டாமல் போகேலாதோ?"

"தம்பி, அந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்குக் கை வராது. வேலை போனால் போகட்டும் எண்டு சொல்ல ஆசைதான். ஆனா குளம் வத்திக் கிடக்கு. இந்த முறை காணியிலை வைக்கல்கூட இல்லை. நாலு பிள்ளையளும் இந்தச் சம்பளத்திலைதான் சாப்பிடுகுதுகள்."

சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. எனக்கு அதைக் கேட்கவே சங்கடமாக இருந்தது.

அடுத்தது சவிரிமுத்து. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நேரே நிற்பார்.

"எனக்கு அவரோடை கோவமில்லை. நான் றூல்ஸைத்தான் எழுதினனான்."

சமயப் பிரச்சினைதான் என்று முடிவு கட்டினேன். இருவரையும் ஒரே மேசையில் இருத்தி, எல்லாச் சமயமும் ஒன்றே என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் என் அரிய யோசனையையும் வெளியில் விட்டேன்: முறிகண்டியில் நிற்பதுபோல, முல்லைத்தீவுக்குக் கிட்ட ஒரு மாதா சுரூபத்தடியிலும் வண்டி ஐந்து நிமிடம் நிற்கட்டும்.

சவிரிமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாதாவைக் கும்பிட எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடக்கு. இது டியூட்டி நேரம்."

கனகசபை கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவர் சொல்லுறது சரிதான்."

இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் ஒரு விசரன் என்பதுதான்.

பிறகு அதிகாரத்தைக் காட்டிப் பார்த்தேன். நாளைக்கு முறிகண்டியில் நிற்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு கொடுத்தேன். கனகசபை கையொப்பம் வைத்தார். மறுநாள் வண்டி நிற்காமல்தான் போனது. அரை மைல் தாண்டியதும் பின் சீற்றிலிருந்து ஒரு குரல். சவிரிமுத்துவின் சொந்தச் சின்னம்மா. முதல்நாள் கிளிநொச்சியில் மீன் விற்றுவிட்டு, கழுத்தில் செபமாலையும் மடியில் வெறும் ஓலைக் கடகமுமாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தா.

"டேய் முத்து, உனக்கென்ன விசரோ? பிள்ளையாருக்குச் சொல்லாமல் காட்டுக்குள்ளை போறதோ? அடியடா மணியை."

மணி அடித்தது. வண்டி திரும்பி வந்து, தேங்காய் உடைத்து, மறுபடி புறப்பட இருபத்தைந்து நிமிடம். அன்றைக்குச் சவிரிமுத்து ரிப்போட் எழுதவில்லை. எழுதினால் சின்னம்மாவின் பெயரையும் போட வேண்டி வரும்.

இதைக் கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூளை வேலை செய்தது. பிள்ளையாரோடு அந்தக் குடும்பத்துக்கு ஒரு தகராறும் இல்லை. அப்படியானால் தகராறு எதில்?

3. பரிமளமக்கா கடை

மற்ற நாட்களிலும் வண்டி நின்றுதான் போனது; ஏனோ நாலாவது ரிப்போட் மட்டும் வரவில்லை. ஒன்பதாம் நாள் நானும் வண்டியில் ஏறினேன்.

முறிகண்டியில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக்கடை. நடத்துபவர் பரிமளமக்கா. கனகசபை தேங்காயை உடைத்துவிட்டுக் கடைக்குள் போனார். அக்கா சீலைத் தலைப்பால் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டா. பால் தேத்தண்ணி வந்தது. வாழையிலைத் துண்டில் இரண்டு வடை வந்தது. வண்டி நிறையச் சனத்தைக் கொண்டுவந்து இறக்கும் ட்ரைவருக்குக் கடைக்காரர் செய்யும் மரியாதை அது. அந்தப் பாதையில் எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்.

சவிரிமுத்து மிதிபலகையடியில் நின்றார். அக்கா அவரைப் பார்த்து, "தம்பி, அந்த மூட்டையைக் கொஞ்சம் தள்ளி விடுங்கோ, சனம் வரட்டும்" என்றா. அவர் மூட்டையைத் தள்ளிவிட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடமும் அப்படியே நின்றார்.

நாலு பிள்ளைகளின் சாப்பாடு ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் வந்து நிற்கிறது. நான் ஒன்பது நாளாகச் சமயப் பிரசங்கம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

கடையின் பின்பக்கம் போய் மெதுவாகக் கேட்டேன்:

"அக்கா, கொண்டக்டருக்கு ஏன் ஒண்டும் குடுக்கிறேல்லை?"

அவா திகைத்துப்போனா. "ஐயோ தம்பி, அது வேதக்காரப் பிள்ளை. கோயில் வாசல் கடையிலை கை நனைக்குமோ, நாங்கள் கேட்டு அது சங்கடப்படுமோ எண்டுதான் நான் கேக்கிறேல்லை. நல்ல பிள்ளை, ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை."

ஒருத்தி மரியாதைக்காகக் கேட்கவில்லை. ஒருவர் மானத்துக்காகக் கேட்கவில்லை. கனகசபைக்கோ, தான் குடிக்கும்போது மற்றவன் நிற்கிறான் என்பதே கண்ணில் படவில்லை.

"நாளைக்கு அவருக்கு முதல் குடுங்கோ அக்கா. நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

4. பத்தாம் நாள்

மனேஜர் வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக வந்து முன் சீற்றில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால். கனகசபையின் முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நிற்காமல் போய்விடுவாரோ என்றுகூட நினைத்தேன். போகவில்லை. கோயிலடி வந்ததும் வண்டி நின்றது. மனேஜர் பொக்கற் மணிக்கூட்டைத் திறந்தார்.

கனகசபை தேங்காயை அடித்தார். உடையவில்லை. இரண்டாம் தரமும் உடையவில்லை. மிதிபலகையில் நின்ற சவிரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பரிமளமக்கா கதிரையைத் துடைத்து வெளியிலேயே கொண்டுவந்து வைத்தா. "கொண்டக்டர் தம்பி, வாங்கோ, இருங்கோ. ஒவ்வொரு நாளும் நிண்டுகொண்டே நிக்கிறியள்."

சவிரிமுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். வந்து இருந்தார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். வடையும் சாப்பிட்டார்.

எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று நான் நிமிர்ந்தபோதுதான் கண்டேன், மனேஜர் கையில் மணிக்கூட்டோடு தனியே நிற்கிறார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஓடிப்போய் அக்காவிடம் கண்ணைக் காட்டினேன். அவருக்கும் கதிரை, கோப்பை, வடை எல்லாம் வந்தன. அதில் இன்னும் ஏழு நிமிடம் போனது.

கோப்பையை வைத்துவிட்டு மனேஜர், "எங்கை உம்மடை ட்ரிப் சீட்?" என்றார்.

சவிரிமுத்து பென்சிலை நாக்கில் நனைத்து, எல்லோரும் பார்க்க எழுதினார்: 'முறிகண்டி. என்ஜின் சூடு. ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டது. 19 நிமிடம்.'

மனேஜர் வாசித்தார். வண்டியைப் பார்த்தார். தன் கையிலிருந்த பாதி வடையையும் பார்த்தார். பிறகு கையொப்பம் வைத்தார்.

சவிரிமுத்து வண்டியில் ஏறி, "அண்ணை, போவம்" என்றார். மணி அடிக்க மறந்துபோனார்.

அடுத்த மாதம் தலைமைக் கந்தோரிலிருந்து அந்த வண்டிக்குப் புது ரேடியேற்றர் ஒன்று வந்து சேர்ந்தது. பழையதில் ஒரு பழுதும் இருக்கவில்லை. 'வண்டிப் பழுது காரணமாக' முறிகண்டியில் இருபது நிமிடத் தரிப்பும் அட்டவணையில் ஏறியது.

5. இளையவர்களுக்கு

ஒரு தேத்தண்ணிக்காக மனிதன் மனம் மாறுவானா என்று கேட்காதீர்கள். சவிரிமுத்து எப்போதோ மாறியிருந்தார். ஏறிய மரத்திலிருந்து மானம் போகாமல் இறங்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாலாவது ரிப்போட்டை எழுதும்படி தன்னை விட்டுவிடக் கூடாதென்று புனித அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தாராம். வருஷங்கள் கழித்து அவருடைய சின்னம்மா சொல்லித்தான் தெரியும்.

கனகசபை அண்ணை தன் வேலையைக் காப்பாற்றியது பிள்ளையார் என்று ஒன்பது தேங்காய் உடைத்தார். ஒன்பதும் ஒரே அடியில் உடைந்தன. மனேஜர், தான் நேரில் போய் ரேடியேற்றர் பிழையைக் கண்டுபிடித்ததாகக் கொம்பனிக்கு எழுதினார். எல்லோருக்கும் நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன்.

என் பெயர் எங்கும் வரவில்லை என்று எனக்கு நல்ல ஆத்திரம். அட்டவணை மாறுவதற்கு முன் ஒருநாள் சவிரிமுத்துவோடு கதைத்துக்கொண்டிருக்கையில், "எல்லாம் அந்தத் தேத்தண்ணிதானே" என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அடுத்த நாளே நாலாவது ரிப்போட் என் மேசையில் இருந்திருக்கும். கனகசபை வீட்டில் இருந்திருப்பார்.

முப்பது வருஷம் பலருடைய பிணக்குகளைத் தீர்த்திருக்கிறேன். காரணம் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு பத்திரமாக அதை ஒளித்துவைக்க வேண்டும் என்பதுதான் நான் படித்த பாடம். கனகசபை அண்ணை, சவிரிமுத்து, பரிமளமக்கா மூவரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.