ஏகாம்பரம் ஊருக்குப் போயிருந்த ஒன்பது வருஷம்

போன வாரம் திருப்பதியில் மாதர் சங்க ஆண்டு விழா. தொழில் நடத்தி முன்னுக்கு வந்த பெண்களைப் பாராட்டி ஐந்து நிமிஷம் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். ஆபீசில் டைப் அடிக்கிறவள், தமிழ், தெலுங்கு இரண்டு பாஷையும் தெரிந்தவள், பேசு என்றால் காரணம் கேட்காமல் பேசுகிறவள். வேறு யாரைப் பிடிப்பார்கள்? மேடைக்குப் போகும் முன் ஆளுக்கொரு தம்ளர் பானகம் கொடுத்தார்கள். வாயருகே கொண்டுபோனேன். ஏலக்காயையும் சுக்கையும் தள்ளிவிட்டு வெல்ல வாசனை மேலே வந்தது. புது வெல்லம் இல்லை. சாக்கில் கிடந்து கசிந்து, ஓரத்தில் லேசாகப் புளிப்பேறிய வெல்லம். எழுதி வைத்திருந்த ஐந்து நிமிஷமும் மறந்துபோயிற்று. தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அங்கே வராத பேச்சை இங்கே உங்களிடம் பேசிவிடுகிறேன்.

அந்த வாசனை சித்தூர் மண்டித் தெருவுக்குச் சொந்தம். புத்தலப்பட்டுப் பக்கத்திலிருந்து வெல்ல வண்டிகள் வந்து இறங்கும். அடுத்த தெருவில் எங்கள் வீடு. அந்த ஈக்களைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எங்கள் வீட்டு வேதப் புத்தகத்தில்கூட ஒரு ஈ நசுங்கிக் கிடக்கிறது. யாத்திராகமத்தில், எகிப்தின்மேல் ஈக்கூட்டம் வந்து விழுகிற சரியான இடத்தில்தான்.

அப்போது ஆந்திர ராஜ்யம் பிறந்த புதிது. சுவரெல்லாம் தாரில் கோஷம்; இன்று தமிழில், நாளை அதன்மேல் தெலுங்கில். சித்தூர் யாருக்கு, நகரி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று டீக்கடையில் தினமும் எல்லைக்கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்தார்கள். நான் மிஷன் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கண்ணில் பட்டதையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மளிகைச் சாமான் பட்டியலை மூன்று பிரதி எடுத்து நைனாவிடம் கொடுத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டித் தெருவில் நாலாவது கடை, 'ஏகாம்பரம் வெல்ல மண்டி'. பலகையில் ஏகாம்பரம். உள்ளே கல்லாவில் மரகதக்கா. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஏகாம்பரம் அவள் புருஷன். காய்ச்சலில் செத்துப்போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனால் லைசென்ஸ் அவர் பெயரில்தான் இருந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கப் போவாள். ஆபீஸ் குமாஸ்தா தலை நிமிராமல், "ஏகாம்பரம் சௌக்கியமா?" என்பார். "சௌக்கியம். ஊருக்குப் போய்க்கீறாரு" என்பாள். முத்திரை விழும். பாடை தூக்கிய கூட்டத்தில் அந்தக் குமாஸ்தாவும் ஒருவர்.

தெரு முழுக்க இந்த நாடகத்தில் நடித்தது. "ஏகாம்பரம் எப்ப வருவாரு மரகதம்மா?" என்று வியாபாரிகள் கேட்பார்கள். "வெல்லம் வெல ஏறட்டும், வரேன்னாரு" என்பாள். ஒரு விதவை தன் பெயரில் லைசென்ஸ் கேட்டால் சட்டம் என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. கேட்காமல் இருப்பதே நல்லது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அவள் மண்டி நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவனும் விற்றுக்கொடுக்கிற மண்டிக்காரனும் ஒரு துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலை அழுத்துவார்கள். எந்த விரல், எத்தனை அழுத்தல் என்பதுதான் விலை. சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. ஊரார் கையை ஒரு பெண் பிடிக்க முடியுமா? மண்டிக்குள் வராதே என்று பெண்களிடம் யாரும் சொல்லத் தேவையே இல்லை. அந்தத் துண்டே சொல்லிவிடும்.

மரகதக்கா ஒரு முறத்தில் புளியங்கொட்டையைப் போட்டு, மேலே துண்டை விரித்தாள். வாங்குகிறவன் கையை விட்டுத் தன் விலைக்குத் தகுந்த கொட்டைகளை ஒதுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவள் கை உள்ளே போகும். தடவிப் பார்த்து, போதாது என்றால் இரண்டைச் சேர்ப்பாள். கை கையைத் தொடாது. முதல் நாள் வேலூர் வியாபாரி ஒருவர் சிரித்தாராம்.

"இன்னாம்மா, பல்லாங்குழி ஆடக் கூப்ட்டியா?"

"ஆமா சாமி. தோத்துட்டு ஊட்ல போய் அழுவக் கூடாது."

இரண்டு வருஷத்தில் தெருவில் பாதிக் கடைகளில் முறம் வந்துவிட்டது. விரலை நசுக்கி விலை குறைக்கிற முரடர்களிடமிருந்து தப்பித்தோம் என்று ஆண்களே சொன்னார்கள்.

இதையெல்லாம் பார்த்து என் ரத்தம் கொதித்தது. இவ்வளவு கெட்டிக்காரி, பலகையில் செத்த மனுஷன் பெயரா? புது ராஜ்யம், புது அதிகாரிகள், இனி எல்லாம் நியாயப்படிதான் நடக்கும் என்று நான் மனதார நம்பினேன். பதினெட்டு வயதில் வேறு எதை நம்புவது?

"அக்கா, உன் பேர்ல லைசென்ஸ் கேட்டு ஒரு மனு அடிக்கறேன்."

"வேணாம்மே. அவரு ஊர்லயே இருந்துட்டுப் போவட்டும்."

"உழைக்கறது நீ, பேரு அவருக்கா?"

"பேர வெச்சி இன்னா, துன்னவா போறேன்?"

ஒரு மாதம் விடவில்லை நான். கடைசியில் இங்கிலீஷில் ஒரு பக்கம், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொண்டுபோனேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். தமிழில் சொன்னேன்: கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகளாக இந்த மண்டியைத் தன்னந்தனியாக நான் ஒருத்தியே நடத்தி வருகிறேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டாள்.

இருபது நாள் கழித்துப் புது அதிகாரி ஒருவர் சேவகனோடு வந்தார். பழைய குமாஸ்தா வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டிருந்தார்.

"ஏகாம்பரம் எக்கட?" என்றார். ஏகாம்பரம் எங்கே என்று கேட்கிறார்.

மூட்டை தூக்கும் எல்லப்பன் பழக்கதோஷத்தில், "ஊருக்குப் போய்க்கீறாரு சார்" என்றான். பக்கத்துக் கடைக்காரரும், "நேத்துதான் போனாரு சார்" என்று எடுத்துக் கொடுத்தார். அதிகாரி என் காகிதத்தை உயர்த்திப் பிடித்தார். மரகதக்கா என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தாள்.

"அதுல இன்னா எழுதிக்குதோ அதான் சார் நெசம்" என்றாள்.

செத்தவர் பெயரில் லைசென்ஸ் செல்லாது. செத்தவருக்காக ஒன்பது வருஷம் கையெழுத்துப் போட்டது குற்றம். பேசாமல் கடையை மூடிவிட்டால் கேஸ் இல்லை என்றார்கள். ஏர்பேட்டில் உழுதுகொண்டிருந்த கொழுந்தனார் வந்து தன் பெயரில் மனுப் போட்டார். எட்டாம் நாள் லைசென்ஸ் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. "அண்ணி இங்கயே இருக்கட்டும்" என்றார். இருந்தாள். பின்கட்டில், கூலிப் பெண்களோடு சாக்கு உதறிக்கொண்டு. முறத்தைக் கொழுந்தனார் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி விரலைப் பிடித்தார். ஆறு மாதத்தில் மற்ற கடைகளிலும் அதுவே வழக்கமாயிற்று. பிறகு அவள் அண்ணன் வந்து நகரிக்கு அழைத்துப் போனார்.

ஒரு வாரம் நான் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். பிறகு திருப்பதியில் வேலை கிடைத்தது. மனிதர்கள் அப்படித்தான், நான் உட்பட.

எல்லை முடிவாகித் திருத்தணி மதராஸ் பக்கமும் நகரி ஆந்திரப் பக்கமும் என்று ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டு போனேன். அவள் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

"வாம்மே. வேல கெடச்சிச்சா?"

"கெடச்சிதுக்கா. நான் பண்ணது..."

"கெடச்சா சரி. துன்னுட்டுப் போ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பேச வேறு ஒன்றும் இல்லாமல், "வெல்லம் என்ன வெலக்கா விக்குது இந்தப் பக்கம்?" என்று கேட்டேன். மண்டியில் இருந்தபோது வேலூர், சித்தூர், புத்தூர் விலைகளை ஒரே மூச்சில் சொன்னவள் அவள்.

"எனக்கின்னாம்மே தெரியும். அண்ணன் வந்துக்கினு இருக்காரு. அவரக் கேளு."

என்னைக் குத்துவதற்காகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. அண்ணன் வந்தார், ஏதோ ஒரு விலை சொன்னார். அவள் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

மண்டித் தெரு இன்றும் இருக்கிறது. அதே வாசனை, அதே ஈக்கள். கல்லாவில் எங்கும் ஒரு பெண் இல்லை. போன மாதம் அங்கே போயிருந்தபோது, இன்னும் ஏகாம்பரம் பலகையே தொங்கிய அந்த நாலாவது கடையில் இருந்த புதுப் பையன்களிடம் இங்கே மரகதம்மா என்று ஒருத்தி இருந்தாளே என்று கேட்டேன். "ஏகாம்பரம் பொண்டாட்டியா?" என்றான் ஒருவன்.