எல்லாவற்றுக்கும் ஆமாங்க

அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று என் மகள் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இரண்டாவது பிரசவம் முடிந்து நான் கட்டிலை விட்டு இறங்குவதற்குள், "போதுமுங்க, ஆபரேசன் பண்ணிக்குங்க" என்று ஆள் மாற்றி ஆள் வந்து சொன்ன அரசாங்கம் இது. அன்றைக்குப் பிள்ளை வேண்டாம் என்றவர்கள் இன்றைக்குச் சும்மா பிள்ளை தருகிறார்கள் என்றால், நடுவில் எதையோ எடுத்துக்கொள்ளப்போகிறார்கள் என்றுதானே தோன்றும்?

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்துத் தோற்றுப்போயிருந்தோம். இனி அங்கே செலவு செய்ய எங்களால் முடியாது. மகளின் மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இனாமாக் குடுக்கற எடத்துல நம்முளுது எது, அடுத்தவீட்டுது எதுன்னு யாருங்க பாக்கப்போறாங்க?" மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கருவை உள்ளே வைக்கும் நாள் வந்தது. ஆய்வகத்தில் வளர்த்ததில் அவளுக்குத் தேறியது ஒரே கருதான். அதுவும் தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க அவள் உடம்பில் தெம்பில்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சத்தியமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெண். அவளுக்கும் என் மகளின் பெயரேதான், குலதெய்வத்தின் பெயர். "ஏனுங்க, நம்ம பக்கம் ஒரு கல்ல வீசினா இந்தப் பேருக்காரி மேலதானுங்க உழுகும்" என்றாள்.

மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட, அந்தப் பெண் எழுந்து போனாள். நர்ஸ் தாளில் இருந்த கணவர் பெயரைப் படித்து, "இவருதானுங்களே?" என்றார்.

"ஆமாங்க."

"மதுக்கரைங்களா?"

"ஆமாங்க."

என் மருமகன் பெயர். என் மகள் வாழும் ஊர். எனக்கு அது உறைத்து நான் எழுவதற்குள் கதவு மூடிவிட்டது. தட்டினேன், கத்தினேன்.

கதவு திறந்தபோது அந்தப் பெண்ணை நர்ஸ் வெளியே கூட்டிவந்தார். உள்ளே டாக்டர், கணவர் பெயரை அவள் வாயாலேயே சொல்லச் சொல்லியிருக்கிறார். அவள் வேறு பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

"கேட்டதுக்கெல்லாம் ஆமாங்க ஆமாங்கன்னா எப்படிங்க?" என்று நர்ஸ் சீறினார்.

"நீங்க சொல்றப்ப இல்லைன்னு எப்படிங்க சொல்றது?" என்றாள் அவள், அழுகையோடு. எங்கள் பக்கம் எல்லாருமே அப்படித்தான். எதிராளி தப்பாகச் சொன்னாலும் முதலில் ஆமாங்க, அப்புறம்தான் மற்றது.

திரும்பி வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாங் கண்ணு. ஊட்டுக்குப் போயிரலாம்."

"கருவைப் பெட்டியிலிருந்து வெளிய எடுத்தாச்சுங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

"உள்ள கண்டுபுடிச்சாங்க இல்லீங்கம்மா, அப்புறம் என்ன?" என்று கையை விடுவித்துக்கொண்டு மகள் உள்ளே போனாள். அவளுக்குத் தைரியம் தந்த அதே விஷயம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு கதவில் கண்டுபிடித்தார்கள், சரி. நாங்கள் பார்க்காத மற்ற கதவுகளில்?

இப்போது அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. போன வாரம் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"கருமுட்டை எடுத்தன்னைக்குப் பேர் கேட்டாங்களா கண்ணு?"

"கேட்டாங்கம்மா."

"நீயாச் சொன்னயா, அவங்க படிச்சதுக்கு ஆமாங்கன்னயா?"

சுளையில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தாள். "ஞாபகமில்லீங்கம்மா. எப்படி இருந்தாலும் பெக்கப்போறது நான்தானுங்க. பொறந்ததும் யாரு சாடைன்னு அத்தை கேக்கட்டும். நீங்க கேக்கப்படாது."

"சரி கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மருமகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் என்ன பேசுகிறார் என்பது என் காதில் விழுவதே இல்லை. அவர் மூக்கையும் காது மடலையும் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.